நொச்சிப்பள்ளத்து முதல் கல்

கல்லில் இருந்த பாண்டித்துரைக்குத் தலை நனைந்திருந்தது.

மழை என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது. பள்ளத்தின் கரை நெடுக நட்டிருந்த மற்ற கற்களெல்லாம் ஆவணி வெயிலில் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தன. முட்டை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் எடுக்கலாம். அப்படிப்பட்ட வெயிலில்தான், நடைபாலத்தை ஒட்டி ஆளுயரத்துக்கு நின்ற முதல் கருங்கல்லில், லேசரில் பொறித்த பாண்டித்துரையின் படத்தில், வகிடெடுத்துச் சீவிய தலைமுடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் இறங்கி, நெற்றி வழியாக மூக்கு நுனிக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் யோசித்து நின்று, மீசையில் சொட்டியது.

கல்லுக்கு எதிரே நின்ற பாண்டித்துரை கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்துவிட்டுக் கர்ச்சீப்பை முகர்ந்து பார்த்தார். சேறும் பழைய சாயமும் சேர்ந்த வாடை. வீரபாண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது தொட்டில் பழக்கம்தான். ஆனால் அந்த வாடையை ஒழித்துக் கட்டியதற்காகத்தானே போன மாதம் பந்தல் போட்டு, மைக் வைத்து, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்?

"எவனோ தண்ணி ஊத்திட்டுப் போயிருக்கறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எவன் என்பதையும் அந்த நொடியே முடிவு செய்துவிட்டார். நஸ்ருதீன்தான். பாண்டித்துரைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் அதற்கு நஸ்ருதீன்தான் காரணம்.

நொச்சிப்பள்ளத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஓடை என்பார்கள், இங்கே பள்ளம். அது வளைந்து நெளிந்து போய் நொய்யலில் சேரும். சாயப்பட்டறைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அடுத்த வருஷம் ஐரோப்பாவில் என்ன கலர் பனியன் போடப் போகிறார்கள் என்பதை இந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊத்துக்குளியிலிருந்து ஓட்டி வந்த எருமை ஒன்று இதில் வாய் வைத்துவிட்டு ரோஸ் கலரில் பால் கறந்ததாகவும், அதை ரோஸ்மில்க் என்று விற்றே ஒருவர் மாடி வீடு கட்டியதாகவும் சத்தியம் செய்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சாயம் நின்ற பிறகு சாக்கடை வந்தது. சாக்கடையும் ஓடாமல் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் பள்ளத்துத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

இதை எதிர்த்து முதலில் கிளம்பியவர் ஜஹானாரா, நஸ்ருதீனின் மனைவி. எப்போதும் வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு பேசுவார். பெண்களைத் திரட்டி, ஆளுக்கொரு பாட்டிலில் பள்ளத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸ் மேசையில் வரிசையாக வைத்தவர். மூன்றாம் வருஷம் நோயில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நஸ்ருதீன் பிடித்துக்கொண்டார். மீட்புக் குழு ஒன்று உண்டானது. நஸ்ருதீன் தலைவர், பாண்டித்துரை செயலாளர். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். நஸ்ருதீனுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி வாய்த்தது. பாண்டித்துரை பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களோடு நின்றுவிட்டார்.

வேலை என்றால் வேலை, மலையைப் புரட்டுகிற வேலை. மாநகராட்சி அனுமதி, சர்வேயர், இன்ஜினியர், டீசல், ஆக்கிரமிப்புக்காரர்களின் வசவு, எல்லாவற்றையும் பாண்டித்துரைதான் தலையில் தூக்கிச் சுமந்தார். பொக்லைன் தோண்டத் தோண்ட பள்ளத்திலிருந்து எலாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது, கட்டிங் வேஸ்ட் லாரி லாரியாக வந்தது, நம்பர் பிளேட்டோடு ஒரு ஸ்கூட்டர் வந்தது. இன்னும் ஒரு வாரம் தோண்டியிருந்தால் மறுபக்கத்தில் அமெரிக்காக்காரன் எட்டிப் பார்த்திருப்பான். ஆனால் நிதி? அதை நஸ்ருதீன் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வந்த பையரைக் கையைப் பிடித்துப் பள்ளத்துக்கு அழைத்து வந்து, தன் மனைவி நின்ற இடத்தைக் காட்டினார். அவ்வளவுதான். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நிதிக்கு ஏற்பாடு செய்துவிட்டான்.

அன்று முதல் ஊர் முழுக்க ஒரே பேச்சு: பாய் இல்லை என்றால் பள்ளம் இல்லை. பத்திரிகையில் படம் வந்தது. நஸ்ருதீன் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார். பாண்டித்துரையின் முழங்கை மட்டும் ஓரத்தில் வந்திருந்தது. அந்த முழங்கையை அவர் கத்தரித்து பீரோவில் வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார். பார்க்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் யாரோ சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது போல இருக்கும்.

மீதி வேலைக்கு உள்ளூரில் நிதி திரட்டியபோதுதான் பெயர்ச் சண்டை ஆரம்பித்தது. நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், இன்னார் உபயம் என்று அதன் மேல் எழுதி எழுதியே வெளிச்சத்தை அடைத்துவிடுவோம். கரைச்சுவரில் யார் பெயர் பெரிது, யார் பெயர் மேலே என்று குழுவே இரண்டாக உடையும் நிலை. அப்போது நஸ்ருதீன் ஒரு வழி சொன்னார். கரையில் கற்கள் நடலாம். உயிரோடு இருப்பவர் பெயர் ஒன்றுகூட வேண்டாம். குடும்பத்தில் மறைந்தவர் பெயரைப் போட்டு நினைவாக என்று எழுதிக்கொள்ளட்டும். அதிகம் கொடுப்பவர் வீட்டுக்கு முதல் கல். எல்லோரும் கை தட்டினார்கள். பாண்டித்துரையும் தட்டினார். தட்டிய கை அன்றிரவு முழுக்க எரிந்தது. அவருக்கு வேண்டியது அவர் பெயர். அவர் முகம். முழங்கை அல்ல.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கமல்லவா? அவருடைய அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், அவரும் பாண்டித்துரைதான். புதிதாக வாங்க இருந்த மெஷினை வேண்டாம் என்று விட்டுவிட்டு முழுத்தொகையையும் கொடுத்து முதல் கல்லைப் பிடித்தார். நஸ்ருதீன் போட்டிக்கே வரவில்லை. ஜஹானாராவுக்குக் கடைசியில், தண்ணீர் வெளியேறும் மதகுக்குப் பக்கத்தில், பெட்டி அளவில் ஒரு சிறிய கல் போதும் என்றுவிட்டார். அதுவும் பாண்டித்துரைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மல்லுக்கட்ட வராதவனை எப்படி ஜெயிப்பது?

அப்புச்சிக்குப் போட்டோ கிடையாது. கல் பொறிப்பவர் படம் கேட்டபோது, பாண்டித்துரை தன்னுடைய படத்தையே எடுத்து நீட்டினார், ஸ்டுடியோவில் புதிதாக எடுத்தது. அப்புச்சி அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பாருங் என்றார். கல் பொறிப்பவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். கறுப்புக் கல்லில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். எட்டி நின்றால் பாண்டித்துரை. கிட்டே போனால் வெறும் புள்ளிகள். கீழே, பாண்டித்துரை அவர்களின் நினைவாக.

திறப்பு விழாவன்று கூட்டம் மொத்தமும் கல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. நஸ்ருதீன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பாண்டித்துரையின் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார்.

"ஏனுங் செயலாளரே, கோவிச்சுக்க வேண்டாம். பேரு இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சிய மட்டும் எடுத்துடுங். இது இல்லாதவீகளுக்குன்னு வெச்ச எடம்."

"பாய்க்கு ஏனுங் அதுல எரியுது?" என்றார் பாண்டித்துரை.

நஸ்ருதீன் கையை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தில் பொறாமை இருக்கும் என்று பாண்டித்துரை ஆசையோடு தேடினார். இல்லை. அங்கே இருந்தது வேறு ஏதோ. அது பயம் என்பது அவருக்கு அப்போது புரியவில்லை.

பிறகுதான் சாயங்காலங்கள் ஆரம்பித்தன. வெயில் இறங்கியதும் குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்து அவரவர் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். சிலர் பூ வைத்தார்கள், சிலர் விளக்கு. சும்மா காற்று வாங்கத்தான் வந்தார்கள். சில நாளில் ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாரதாமணி டீச்சரின் கல்லருகே சாக்பீஸ் தூள் வாசம் வருகிறதாம். பனியன் கம்பெனியில் ஆயுள் முழுக்கப் பிசிறு வெட்டிய ராமுத்தாய்க்கு அவள் மகன் கல் வைத்திருந்தான். இருட்டுகிற நேரத்தில் அங்கே சின்னக் கத்தரிக்கோலின் சத்தம் கேட்கிறதாம், கிச் கிச் என்று, அவசரமில்லாமல். ஜஹானாராவின் கல்லருகே ஏலக்காய். யாரும் பயப்படவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

பாண்டித்துரையும் போய் மூக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தார். முதல் கல்லருகே ஒன்றும் இல்லை. பூஜ்யம். ஊரிலேயே பெரிய கல், ஊரிலேயே விலை கூடிய கல், அங்கே ஒரு பீடி நாற்றம்கூட வரவில்லை. அப்புச்சி வரவில்லை. வருவதற்கு அவருடைய முகம் அங்கே இருந்தால்தானே? அந்தப் பக்கம் கடைசியில், பெட்டி அளவுக் கல்லைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து ஜஹானாரா சொன்ன பழைய வேடிக்கைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்தும்கூட அந்த வீட்டுக்குத்தான் கூட்டம்! பாண்டித்துரைக்குக் காதுமடல் சுட்டது. கல்லில் சாய்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் தண்ணீர் கறுத்து, மெதுவாக, கண்ணாடியாட்டம் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு. முதல் கல்லுக்கு நேராக வந்ததும் மட்டும் அந்தச் சத்தம் நின்று, கல்லைக் கடந்த பிறகு மறுபடி தொடங்கியது. வாசலில் நின்று உள்ளே ஆள் இருக்கிறதா என்று காது கொடுக்கிறவர்கள் அப்படித்தான் மூச்சை நிறுத்துவார்கள்.

அடுத்த நாள்தான் கல்லின் தலை நனைந்திருந்தது. அதற்கும் அடுத்த நாள் தோள்வரை.

நஸ்ருதீன் ஆள் வைத்துச் செய்கிறார் என்று நம்பி, பாண்டித்துரை காவலுக்கே போய் உட்கார ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம். கல்லில் முதுகைக் கொடுத்து, தண்ணீரைப் பார்த்தபடி. யாரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது சட்டையின் முதுகு நனைந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த அளவுக்குக் கல் காய்ந்திருந்தது. யாரோ ஒருவர் துண்டால் தலை துவட்டிக்கொள்கிற மாதிரி. பாண்டித்துரைதான் துண்டு.

புரட்டாசியில் வீட்டுக்குள் வாடை வந்தது. மனைவி சித்ரகலா பாத்ரூமைப் பினாயில் ஊற்றிக் கழுவினாள், தலையணை உறைகளை மாற்றினாள். மாற்றிய உறை காலைக்குள் ஈரமாகி, நீலமும் சிவப்புமாகக் கறை பிடித்தது.

"ஏனுங்க, உங்க தலைல என்ன இது?" என்று ஒரு நாள் துவட்டிவிட்டாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டில் கொட்டாவி விட்டாலும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிற பெண், துண்டை வெளியே எறிந்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரைத் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதையும் விட்டாள். அவர் பேசினால், டிவியை நிறுத்தலாமா என்று யோசிப்பவள் போல ஒரு நொடி தலையைச் சாய்ப்பாள், பிறகு மறந்துவிடுவாள்.

கம்பெனியில் கேட் வாட்ச்மேன் சலாம் போடவில்லை. பாண்டித்துரை கத்தினார். வாட்ச்மேன் தெருவில் போகும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே விரல் ரேகை வைக்கும் மெஷினில் அவர் விரலை அழுத்தினார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு அழுத்தினார். ஏற்கவில்லை. விரல்களைப் பார்த்தார். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. ரேகையே இல்லை. அவர் சொந்தக் கம்பெனி, அவர் வாங்கிய மெஷின், அவர் விரல். நிட்டிங் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. துணி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இல்லாமலே எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

செல்போனும் அந்த விரலுக்குப் பணியவில்லை. தொட்டால் திரையில் ஈரக்கோடு விழுந்ததே தவிர எதுவும் திறக்கவில்லை. அதை வீட்டு மேசையில் எறிந்துவிட்டார்.

அப்போதுகூட, சத்தியமாக, அவருக்குக் கல்லை எடுக்க மனம் வரவில்லை. ஏனென்றால் கல் இப்போது அழகாக இருந்தது. ஈரம் இல்லை. தூசு இல்லை. முகம் நாளுக்கு நாள் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து, கண்ணில் வெளிச்சம் வந்து, பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கரையில் வேறு எந்தக் கல்லுக்கும் அந்த மரியாதை இல்லை. ஜஹானாராவின் கல்லுக்குக்கூட இல்லை. அந்த ஒரு சந்தோஷத்துக்காக அவர் ஈரத்தோடு நடந்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. வானம் மதியத்திலேயே இருட்டிக்கொண்டு, பத்து வருஷத்து மழையை ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்க்க முடிவு செய்த மாதிரி கொட்டியது. பள்ளம் நிறைந்து ஓடியது. கரை தாண்டவில்லை, ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. அந்த அதிசயத்தைப் பார்க்க மழை விட்டதும் ஊரே குடையோடு கரைக்கு வந்துவிட்டது.

பாண்டித்துரையும் வந்தார். நடந்துதான் வந்தார். ஆனால் நனைந்த தார் ரோட்டில் அவருடைய கால் தடம் விழவில்லை என்பதைக் கவனித்தார். சுற்றிலும் மழைத் தண்ணீர். தண்ணீரில் தண்ணீர் தடம் வைக்குமா? அந்த நினைப்பு வந்ததும்தான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வயிற்றிலிருந்த சுண்ணாம்பெல்லாம் அணைந்துவிட்டது. கல் போகட்டும். பெயர் போகட்டும். பாயின் காலில் விழுந்தாவது அந்த முகத்தை எடுத்துவிட வேண்டும்.

நஸ்ருதீன் மதகுப் பக்கம், ஜஹானாராவின் கல்லருகே குடை பிடித்து நின்றிருந்தார். பாண்டித்துரை கூட்டத்துக்குள் புகுந்து போனார். யாரும் ஒதுங்கவில்லை. ஒதுங்க வேண்டியும் இருக்கவில்லை.

"பாய், தப்புப் பண்ணிட்டனுங். அதை எடுத்துடலாம். இன்னிக்கே."

நஸ்ருதீன் தலையை நிமிர்த்தினார். பாண்டித்துரை இருந்த இடத்தைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி, மெதுவாக மூச்சை இழுத்தார். பிறகு பக்கத்தில் நின்ற ராமுத்தாயின் மகனிடம் திரும்பினார்.

"சேத்து வாசம் வருதுங்களா தம்பி?"

"வருதுங் பாய். சாய வாசமும் வருது."

நஸ்ருதீன் முதல் கல் இருந்த திசையைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது.

"அப்பறமென்ன. மொதக் கல்லுக்கும் ஆள் வந்தாச்சாட்ட இருக்குது. நாந்தான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன். பாவம், செயலாளர் எத்தன நாள் ஏங்கிப்போய் உக்காந்திருந்தாரு. சொன்னாச் சந்தோசப்படுவாரு."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. பாண்டித்துரை அவருடைய கையைப் பிடித்தார். கை நழுவியது. நஸ்ருதீன் மணிக்கட்டை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மணி நின்றது. யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங் பாய்" என்றது பாண்டித்துரையின் குரல்.

அது அவருடைய குரல்தான். ஆனால் அவர் ஒருநாளும் நஸ்ருதீனிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. காய்ந்த குரல். கதகதப்பாக இருந்தது. உள்ளே ஒரு எரிச்சலும் இல்லை.

நஸ்ருதீன் விஷயத்தைச் சொன்னார். போன் சிரித்தது. அப்புச்சி கடைசியில வந்துட்டாருங்களா என்றது. உங்க புண்ணியம் பாய் என்றது. ஊட்டுக்கு வாங்கோ, சித்ரா தோசை சுடறா என்றது. நஸ்ருதீனின் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போல, வர்றேன் வர்றேன் என்றார்.

பாண்டித்துரை முதல் கல்லை நோக்கி ஓடினார்.

கல் இருந்தது. பெயர் இருந்தது. நினைவாக என்ற எழுத்து இருந்தது. முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் வழுவழுவென்று கறுப்பு. அதில் விளக்குகள் தெரிந்தன, குடைகள் தெரிந்தன, பாலத்தின் கம்பி தெரிந்தது. எதிரே நின்ற அவர் தெரியவில்லை.

பக்கத்தில் கிச் என்று ஒரு சத்தம். கத்தரிக்கோல். நிதானமாக. பின்னால் யாரோ ஏலக்காயை மென்றபடி நகர்ந்து இடம் விட்டார்கள். உட்காரச் சொல்கிற மாதிரி.

அவர் உட்காரவில்லை. ஓடினார். தெரு. திருப்பம். மெயின் ரோடு. லாரி ஒன்று அவருக்குள் வந்து அவருக்குள்ளிருந்து போனது. கண்ணாடியில் சேறு தெறித்தது என்று டிரைவர் வைப்பரைப் போட்டான்.

வீடு. கேட். ஜன்னல்.

உள்ளே வெளிச்சம். தோசை வாசம். அவருடைய நாற்காலியில் ஒருவர். தலை வகிடெடுத்துச் சீவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். சித்ரகலா தட்டில் தோசையைப் போட்டுவிட்டு அந்தத் தலையைத் தொட்டாள். தொட்டுவிட்டு, எவ்வளவோ நாளைக்குப் பிறகு, சிரித்தாள். அவர் என்னவோ சொன்னார். பாய் நல்ல மனுசன் என்று கேட்டது. அவள் இன்னும் சிரித்தாள்.

பாண்டித்துரை அவரைப் பார்த்தார். அந்தத் தட்டை. அந்தக் காய்ந்த சட்டையை. அந்தச் சிரிப்பை. அணைந்த சுண்ணாம்பு மறுபடி கொதித்தது. நஸ்ருதீனைப் பார்த்துக்கூட அவர் வயிறு அப்படி எரிந்ததில்லை.

ஜன்னலைத் தட்டினார். சத்தம் வரவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"சாரல் அடிக்குதுங்க. அந்த ஜன்னலச் சாத்துங்" என்றாள் சித்ரகலா.

நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்தார். எட்டி நின்ற வரைக்கும் பாண்டித்துரை. கிட்டே வர வர, கன்னம் பிரிந்தது. நெற்றி பிரிந்தது. புள்ளிகள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்ந்து சிரிப்பானது.

ஒருக்களித்திருந்த ஜன்னல் இன்னும் அகலத் திறந்தது. அந்தப் புள்ளி உருவம் தன் பையிலிருந்து பாண்டித்துரையின் கர்ச்சீப்பை எடுத்தது. கையை வெளியே நீட்டி, அவருடைய தலையிலிருந்து தொடங்கி, நெற்றி, மூக்கு நுனி, மீசை என்று பொறுமையாக, கல்லைத் துடைப்பது போலத் துடைத்தது. துடைத்த இடம் மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தது. கர்ச்சீப்பை முகர்ந்து பார்த்தது.

"என்னங்க அங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எவனோ தண்ணி ஊத்திட்டுப் போயிருக்கறான்."

சாத்திய ஜன்னல் கண்ணாடியில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன, கண் மட்டும், இமைக்காமல். அந்த உருவம் தோசைத் தட்டுக்குப் போன பிறகும் அவை அங்கேயே இருந்து அவரைப் பார்த்தன.